எம்டன் மூழ்கடித்த கண்காட்சி: நம்ம தெருக்களை நடந்தே படித்த பேட்ரிக் கெடிஸ் யார்?

சென்னையில் ஒருவரை எம்டன் என்று சொன்னால், ஆள் பலே கில்லாடி என்று அர்த்தம். அந்தச் சொல் ஒரு ஜெர்மன் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்ற எம்டன், பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்குகள் மீது குண்டுகளைப் பொழிந்துவிட்டு இருட்டில் மறைந்தது. டாங்குகள் பற்றி எரிந்தன. பயந்துபோன ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். இது பலருக்கும் தெரிந்த கதை.

தெரியாத கதை ஒன்று உண்டு. அடுத்த மாதமே, மினிக்காய் தீவுக்கு அருகே, அதே எம்டன் ‘கிளான் கிராண்ட்’ என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. சென்னைக்கு வரவேண்டிய ஒரு முக்கியமான சரக்கு அதில் இருந்தது. பீரங்கியோ வெடிமருந்தோ இல்லை. உலக நகரங்களின் வரைபடங்கள், படங்கள், திட்டங்கள் அடங்கிய ஒரு முழு கண்காட்சி. ஒரு மனிதர் பல வருடங்களாகச் சேர்த்தது. எல்லாம் கடலுக்கு அடியில் போனது.

அந்த மனிதர் பேட்ரிக் கெடிஸ். ஸ்காட்லாந்துக்காரர். அப்போது அவருக்கு 60 வயது. நகரத் திட்டமிடல் படிக்கும் மாணவர்களுக்கு முதல் வருடத்திலேயே அறிமுகமாகும் பெயர். ஆனால் அவருடைய முக்கியமான பாடங்களில் சில தஞ்சாவூரிலும் மதுரையிலும் காஞ்சிபுரத்திலும் எழுதப்பட்டவை என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இப்போது ஏன் அவர் கதை? வடசென்னை மாறிக்கொண்டிருக்கிறது. மாதவரத்தில் 2018-ல் ஆந்திரா பஸ்களுக்கான புறநகர்ப் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் இரண்டு வழித்தடங்கள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. 2023-ல் வடசென்னை வளர்ச்சித் திட்டமும் அறிவிக்கப்பட்டது. பூங்கா, ஏரிக்கரை நடைபாதை, ஸ்டேஷன் வாசல் என்று புதிய பொது இடங்கள் உருவாகும் காலம் இது. இப்படி ஒரு இடத்தை வடிவமைக்க உட்காரும் இளம் ஆர்க்கிடெக்ட், முதலில் எங்கே ஐடியா தேடுவார்? போனை எடுத்து பார்சிலோனா, சிங்கப்பூர் படங்களைப் பார்ப்பார். கெடிஸ் தேடிய இடம் வேறு.

இருட்டறையில் கிடைத்த பாதை

கெடிஸ் பிறந்தது 1854 அக்டோபர் 2, ஸ்காட்லாந்தின் பாலட்டர் என்ற சிற்றூரில். அப்பா ராணுவத்தில் வேலை பார்த்தவர். பையன் வளர்ந்தது பெர்த் நகருக்கு வெளியே, குன்றும் ஆறும் தோட்டமும் சூழ்ந்த வீட்டில். பிறகு லண்டனுக்குப் போய், டார்வினின் பெரிய ஆதரவாளரான தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் படித்தார். கட்டடக்கலையை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. மைக்ராஸ்கோப்தான் அவருடைய முதல் கருவி.

1879-ல் ஆராய்ச்சிக்காக மெக்சிகோ போனார். அங்கே திடீரென்று பார்வை மங்கியது. கண்ணைக் கட்டி, வாரக்கணக்கில் இருட்டறையில் உட்கார வைத்தார்கள். பார்வை திரும்பி வந்தது, ஆனால் நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் குனிந்திருக்கும் வேலை இனி முடியாது என்றானது. 25 வயதில் ஒரு விஞ்ஞானிக்கு இது பேரிடி.

அந்த இருட்டறையில் ஜன்னல் கண்ணாடிச் சட்டங்களைத் தடவித் தடவி, விஷயங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் பொருத்திப் பார்க்கும் பழக்கம் அவருக்கு வந்தது. பிற்காலத்தில் காகிதத்தை மடித்து மடித்து அவர் போட்ட சிந்தனைக் கட்டங்களுக்கு அதுவே ஆரம்பம். அதில் மையமான மூன்று சொற்கள்: இடம், தொழில், ஜனம். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்காமல் ஒரு ஊரைப் புரிந்துகொள்ள முடியாது என்பது அவர் கட்சி. பிரெஞ்சு சமூகவியலாளர் லெ பிளேயிடமிருந்து எடுத்த யோசனையை அவர் தன் வழியில் வளர்த்தார். செடியைப் பார்த்த கண்ணால் நகரத்தைப் பார்க்கத் தொடங்கினார். மண், தண்ணீர், வெயில் தெரியாமல் செடியைப் பற்றிப் பேச முடியாதல்லவா?

நெரிசலுக்குள் குடிபோன புரொஃபசர்

1886-ல் ஆனா மார்ட்டனைத் திருமணம் செய்துகொண்டார். அதன்பின் அந்த ஜோடி செய்த காரியம் சொந்தக்காரர்களையே மிரள வைத்திருக்கும். எடின்பரோவின் வசதியான புதுநகரப் பகுதியை விட்டு, பழைய நகரத்தின் ஜேம்ஸ் கோர்ட் என்ற இடத்துக்குக் குடிபோனார்கள். ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் வாழ்ந்த அடுக்குமாடிகள்தான். ஆனால் அப்போது அங்கே குப்பை, நாற்றம், ஒரே அறையில் ஒரு குடும்பம் என்ற நிலை.

முழுசாக இடித்துத் தள்ளிவிட்டுப் புதுசாகக் கட்டலாம் என்பதுதான் அன்றைய அதிகாரிகளின் வழக்கமான தீர்வு. கெடிஸ் தம்பதி அக்கம்பக்கத்தினரைச் சேர்த்துக்கொண்டு சுவருக்கு வெள்ளையடித்தார்கள். முற்றத்தைக் கூட்டினார்கள். ஜன்னலில் பூத்தொட்டி வைத்தார்கள். மிக மோசமான சில கட்டடங்களை மட்டும் எடுத்துவிட்டு, காற்றும் வெளிச்சமும் வர வழி செய்தார்கள். கடன் வாங்கிப் பழைய வீடுகளைப் பழுதுபார்த்து, மாணவர் விடுதிகளாக மாற்றினார் கெடிஸ். கையைச் சுட்டுக்கொண்டதும் உண்டு. கணக்கு வழக்கில் அவர் கெட்டி இல்லை, வீட்டுச் செலவைச் சமாளித்தவர் ஆனாதான்.

பின்னாளில் அவருடைய குழு அதே பழைய நகரத்தில் சும்மா கிடந்த இடங்களை ஒவ்வொன்றாக நடந்து கணக்கெடுத்தது. 70-க்கும் மேற்பட்ட துண்டு நிலங்கள். கூட்டிப் பார்த்தால் சுமார் 10 ஏக்கர்! இடமே இல்லை என்று எல்லாரும் நினைத்த நெரிசலுக்குள் இவ்வளவு இடம் ஒளிந்திருந்தது. அவற்றில் சிலவற்றை அங்கிருந்த மக்களும் குழந்தைகளும் சேர்ந்து தோட்டங்களாக்கினார்கள். அந்த வேலையை முன்நின்று நடத்தியவர் கெடிஸின் மகள் நோரா.

மேலிருந்து கீழே இறங்கும் கோபுரம்

1892-ல் எடின்பரோ கோட்டைக்கு அருகே ஒரு கட்டடத்தை வாங்கி, அதற்கு ‘அவுட்லுக் டவர்’ என்று பெயர் வைத்தார். உச்சியில் ஒரு இருட்டறை. அதில் லென்ஸும் கண்ணாடியும் வழியாக, வெளியே நகரும் தெரு அப்படியே மேஜை மீது விழும். பார்வையாளரை முதலில் அங்கேதான் ஏற்றுவார். ஊரைப் பார்த்த பிறகு ஒவ்வொரு மாடியாக இறங்க வேண்டும். எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஆங்கிலம் பேசும் நாடுகள், ஐரோப்பா, கடைசியாகத் தரைத்தளத்தில் உலகம்.

வரிசையைக் கவனிக்க வேண்டும். உலகத்தைப் பார்க்க வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. சொந்தத் தெருவைப் பார்த்து முடித்த பிறகு பார்க்கச் சொன்னார்.

கெடிஸின் கண்காட்சி இந்தக் கோபுரத்தின் நடமாடும் வடிவம். லண்டன், டப்ளின் என்று ஊர் ஊராகப் போனது. 1913-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பரிசும் வாங்கியது. அதைச் சென்னைக்கு வரவழைத்தவர் அப்போதைய கவர்னர் பென்ட்லண்ட் பிரபு. அவரும் ஸ்காட்லாந்துக்காரர். கெடிஸ் தன் மூத்த மகன் அலஸ்டேருடன் ஒரு கப்பலில் வந்தார். சரக்கு வேறு கப்பலில் வந்தது. பிறகு நடந்ததுதான் மேலே சொன்ன கதை.

கெடிஸ் திரும்பிப் போகவில்லை. பிரிட்டனில் இருந்த நண்பர்கள் அவசர அவசரமாகப் புதிய படங்களைச் சேகரித்து அனுப்பினார்கள். 1915 ஜனவரியில், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸில் கண்காட்சி திறக்கப்பட்டது.

தஞ்சாவூரில் ஒரு நேர்க்கோடு

அதன்பின் மாகாணம் முழுக்கச் சுற்றினார். நகராட்சி அழைத்தால் போவார். ஆபீஸில் உட்கார்ந்து மேப் பார்க்க மாட்டார். விடியற்காலையில் நடக்கத் தொடங்கிவிடுவார். சந்து, கிணற்றடி, மாட்டுக்கொட்டகை, கோயில் குளம், சாக்கடை எதையும் விடமாட்டார். பின்னால் ஓடும் அதிகாரிகளுக்கு மூச்சு வாங்கும்.

தஞ்சாவூர்க் கோட்டைக்குள் நெரிசலான ஒரு பகுதி. சுகாதாரம் என்ற பெயரில் அதன் நடுவே நேர்நேராக அகலத் தெருக்களை வெட்ட நகராட்சியிடம் ஒரு திட்டம் இருந்தது. வரைபடத்தில் பார்த்தால் அழகான கட்டம். தரையில் பார்த்தால் வீடிழந்து நிற்கும் குடும்பங்கள். வீடிழந்தவர்கள் பக்கத்துச் சந்துக்குள் நெருக்கியடித்துப் போவார்கள், நெரிசல் குறையாது, இடம்தான் மாறும் என்று கெடிஸ் கணக்குப் போட்டார்.

அவர் கொடுத்த மாற்று எளிமையானது. பாழடைந்த சில வீடுகளை மட்டும் எடுப்பது. அந்த இடங்களைச் சின்னச் சின்ன திறந்தவெளிகளாக்கி மரம் வைப்பது. இருக்கும் சந்துகளை, தேவையான இடத்தில் மட்டும் கொஞ்சம் விரிப்பது. இதற்கு நகராட்சித் திட்டத்தின் செலவில் சிறு பங்குதான் ஆகும் என்றும் காட்டினார். காப்பாற்றும் அறுவை சிகிச்சை என்ற பொருளில் இந்த முறைக்கு ஒரு பெயரும் வைத்தார். நல்ல டாக்டர் நோய் இருக்கும் இடத்தை மட்டும்தானே வெட்டுவார்?

இதே காலத்தில்தான் டெல்லியில் லட்யன்ஸ் அகன்ற ராஜபாட்டைகளோடு புதிய தலைநகரைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆட்சியின் கம்பீரத்தைக் காட்டும் நகரம் ஒரு பக்கம், கிணற்றடி நிழலைக் காப்பாற்றப் போராடிய தாடிக்கார புரொஃபசர் மறுபக்கம்.

தேர் காப்பாற்றிய தெரு

தமிழ்நாட்டில் அவரை அசத்தியவை கோயில் நகரங்கள். காஞ்சிபுரத்தைப் பார்த்தபோது, பெரிய கோபுரங்களைவிட, அவற்றோடு சேர்ந்து வளர்ந்த அகலமான தெரு, நிழல் மரம், எளிய வீடு ஆகியவற்றின் ஒழுங்குதான் அவர் கண்ணில் பட்டது. கோயில், குளம், வீதி, வீடு எல்லாம் ஒரே சிந்தனையில் பிறந்தவை என்று அவருக்குத் தோன்றியது. ஐரோப்பாவில் அவர் தேடிக்கொண்டிருந்த ஒன்று இங்கே நடைமுறையில் இருந்தது.

ஒரு தேர் எப்படி ஊரைத் திட்டமிடுகிறது என்று யோசித்துப் பார்க்கலாம். தேர் உருள ஒரு குறிப்பிட்ட அகலம் வேண்டும். மூலையில் திரும்ப இன்னும் கூடுதல் இடம் வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை தேர் வந்தே தீரும் என்பதால், யாரும் திண்ணையைத் தெருவுக்குள் நீட்ட முடியாது. மீதி நாட்களில் அதே அகலம் சந்தைக்கும் பந்தலுக்கும் பிள்ளைகள் விளையாட்டுக்கும். எந்தச் சட்டப் புத்தகமும் இல்லாமல் ஒரு பொது இடம் காப்பாற்றப்படுகிறது. இதைப் பார்க்க வடசென்னைக்காரர்கள் காஞ்சி வரை போக வேண்டியதில்லை. திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலின் மாடவீதிகளில் மாசித் திருவிழா நேரத்தில் நின்று பார்த்தால் போதும்.

குளங்கள் விஷயத்திலும் அவர் அதிகாரிகளோடு மல்லுக்கு நின்றார். கொசு வருகிறது, மலேரியா வருகிறது, குளத்தை மூடு என்பது அன்றைய சுகாதாரத் துறையின் பதில். மீனையும் வாத்தையும் விட்டால் அவை கொசுப் புழுவைத் தின்றுவிடும், குளம் காற்றைக் குளிர்விக்கும், தண்ணீர்த் தட்டுப்பாட்டில் கைகொடுக்கும் என்று பல இந்திய நகரங்களில் கெடிஸ் வாதாடினார். சென்னை அதைக் கேட்டதா? நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த ‘லாங் டேங்க்’ ஏரியைத் தூர்த்துத்தான் 1920-களில் தி.நகர் உருவானது. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் ஏன் தேங்குகிறது என்ற கேள்விக்கு அந்தப் பழைய ஏரியும் ஒரு பதில்.

ஒரு நாள் மகாராஜா

கெடிஸ் வாழ்க்கையின் மிகவும் சுவாரசியமான அத்தியாயம் இந்தூரில் நடந்தது. பிளேக் நோயால் ஊர் நடுங்கிக்கொண்டிருந்தது. சுத்தமாக இருங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினால் யார் கேட்பார்கள்? இந்தூர் அரசரிடம் ஒரு நாள் அதிகாரத்தைக் கேட்டு வாங்கினார். வழக்கமான பாதை எதுவும் இல்லை, எந்தத் தெரு தன்னை நன்றாகச் சுத்தம் செய்துகொள்கிறதோ அந்தத் தெரு வழியாகத்தான் தீபாவளி ஊர்வலம் போகும் என்று அறிவித்தார்.

ஊரே துடைப்பத்தை எடுத்தது. வண்டி வண்டியாகக் குப்பை வெளியேறியது, கூடவே எலிகளும். ஊர்வலத்தில் அழுக்கு ராட்சசனும் பிளேக்கைச் சுமக்கும் ராட்சத எலியும் பொம்மைகளாக வந்தன, கடைசியில் கொளுத்தப்பட்டன. துப்புரவுத் தொழிலாளர்கள் வெள்ளை உடையும் மாலையுமாக ஊர்வலத்தில் மரியாதையோடு நடந்தார்கள். 1918-ல் வந்த அவருடைய இந்தூர் அறிக்கை இரண்டு பெரிய தொகுதிகள்.

வெளியே இவ்வளவு கொண்டாட்டம். அவருடைய சொந்த வாழ்க்கையோ அதற்கு முந்தைய வருடமே நொறுங்கியிருந்தது. 1917 ஏப்ரலில் அலஸ்டேர் பிரான்ஸ் போர்முனையில் கொல்லப்பட்டார். சென்னைக்குக் கூடவே வந்த மகன், வேலையைத் தொடர்வார் என்று அப்பா நம்பியிருந்த பிள்ளை. சில வாரங்களில், இந்தியாவில் காய்ச்சலில் படுத்திருந்த ஆனாவும் இறந்துபோனார். ஜேம்ஸ் கோர்ட்டில் கூடவே வெள்ளையடித்த மனைவி. இரண்டு இழப்புகளுக்குப் பிறகும் அவர் நடப்பதை நிறுத்தவில்லை. இந்தியாவில் மட்டும் அவர் எழுதிய நகர அறிக்கைகள் சுமார் 50.

எங்கே சறுக்கினார்?

அவரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார், அதுவும் தாடிக்குள்ளேயே முனகுவதால் பாதி புரியாது என்று கேட்டவர்கள் நொந்துகொண்டார்கள். நகராட்சிப் பொறியாளர்களைப் பகைத்துக்கொண்டார். பெரும்பாலான அறிக்கைகள் அலமாரியில் தூசி படிந்தன. அவரை அழைத்ததும் சம்பளம் கொடுத்ததும் காலனி அரசும் சமஸ்தானங்களும்தான்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அவர் வியந்த தேர் வீதிகள் அன்று எல்லாருக்கும் சொந்தமாக இல்லை. கோயிலைச் சுற்றிய பொதுத் தெருவில் நடக்கும் உரிமைக்காகத்தான் 1924-ல் வைக்கம் போராட்டமே நடந்தது. மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தெருவின் அகலத்தையும் நிழலையும் அளந்தால் மட்டும் போதாது, அதில் யார் நடக்கலாம் என்பதையும் அளக்க வேண்டும். பழைய ஊரிலிருந்து ஐடியா எடுக்கும் எவரும் மறக்கக் கூடாத பாடம் இது.

1919-ல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறையைத் தொடங்கி 1924 வரை நடத்தினார். 1925-ல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் போட்டார். வீட்டுத் தொகுதிகளுக்கு நடுவே தோட்டம் வைத்த அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது, 2003-ல் யுனெஸ்கோவும் அந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. கடைசிக் காலத்தைத் தெற்கு பிரான்ஸின் மோன்பெலியே நகரில் கழித்தார். முன்பு ஒருமுறை வேண்டாம் என்று மறுத்த சர் பட்டத்தை 1932-ல் ஏற்றுக்கொண்டார். அதே வருடம் ஏப்ரல் 17-ம் தேதி இறந்தார்.

மாதவரத்துக்கு இதில் என்ன?

இடம், தொழில், ஜனம் என்ற மூன்று சொற்களை மாதவரத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். இடம் என்றால் மாதவரம் ஏரி, ரெட்டேரி, மழை பெய்தால் தண்ணீர் ஓடும் தாழ்வான தரை. தொழில் என்றால் பால் பண்ணை, லாரி முனையம், குடோன்கள், துறைமுகத்துக்கும் மணலிக்கும் போகும் கனரக வண்டிகள். ஜனம் என்றால் ரவுண்டானாவில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள், ராத்திரி ஓட்டி வந்து பகலில் தூங்க இடம் தேடும் டிரைவர்கள், ஏரிக்கரையில் காலையில் நடக்கும் பெரியவர்கள், தெருவிளக்கு வெளிச்சத்தில் கேரம் ஆடும் பையன்கள்.

இவர்கள் எந்த மணிக்கு எங்கே நிழல் தேடுகிறார்கள், எந்தச் சுவரோரம் உட்காருகிறார்கள், எந்த இடத்தைப் பெண்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள், தண்ணி லாரி எங்கே நிற்கிறது? இந்தக் கேள்விகளுக்குப் பதில் எந்த வெளிநாட்டுப் படத்திலும் கிடைக்காது. இவை தெரியாமல் போட்ட கிரானைட் பெஞ்சில் மத்தியான வெயிலில் யாரும் உட்காரப் போவதில்லை. தெரிந்து வைத்த ஒரு புங்கமரம், அதைச் சுற்றி ஒரு திட்டு, அடியில் குடிதண்ணீர்க் குழாய் இருந்தால், திறப்பு விழா இல்லாமலே அது பொது இடமாகிவிடும்.

கெடிஸ் சொல்லித்தந்த வழிக்குச் செலவு அதிகமில்லை. ஒரு நல்ல செருப்பு, ஒரு நோட்டு, சில வாரங்கள் பொறுமை. விடியலில் ஒரு முறை, உச்சி வெயிலில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை நடக்க வேண்டும். சும்மா கிடக்கும் துண்டு நிலங்களை எண்ண வேண்டும். அங்கே ஏற்கெனவே நன்றாக நடக்கும் எதையும் இடிக்காமல் இருக்க வேண்டும். பார்சிலோனா படங்களை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எதை எடுக்கலாம், எதை விடலாம் என்பது அப்போது தானாகவே தெரியும்.